வரவுக்குத் தேதியில்லை, கட்டணத்துக்கு உண்டு: கொங்கு வீடுகளின் படிப்புச் செலவுக் கணக்கு

ஈரோட்டு மஞ்சளைத் தை, மாசியில் வெட்டினால், வேகவைத்துக் காயவைத்து மண்டிக்குக் கொண்டுபோகப் பங்குனி, சித்திரை ஆகிவிடும்; விலை சரியில்லையென்றால் மூட்டை கிடங்கில் கிடக்கும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு. பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணையில் வளர்ந்த கோழிகளை ஒரு பேட்சாக எடுத்தால்தான் வளர்ப்புக்கூலி. சோமனூர்த் தறிக்குக் கூலி உண்டு, பாவு (தறியில் ஏற்றும் நீள நூல்) வந்தால். திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளம், தீபாவளிக்குப் போனஸ். நாமக்கல் லாரிக்கு லோடு கிடைத்த மாதம் ஒன்று, கிடைக்காத மாதம் ஒன்று. இந்த வருமானம் எதற்கும் ஜூன் மாதம் என்றால் என்னவென்று தெரியாது. பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் தெரிந்ததெல்லாம் அதுதான்.

சொத்துள்ள வீட்டிலும் கட்டணக் கடைசி நாளில் கைமாத்துக்கு அலைவது இதனால்தான். பணம் காடாக (நிலமாக) இருக்கிறது, பவுனாக இருக்கிறது, சீட்டாக இருக்கிறது, தறியாக இருக்கிறது, காசாக இல்லை. அந்த இடைவெளியை அடைக்க வாங்கும் ரெண்டு வட்டிக் கடனும், அவசரத்துக்குத் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளி (விட்டுக்கொடுத்து) எடுக்கும் சீட்டும், கல்லூரி கேட்கும் தொகைக்கு மேல் இன்னொரு கட்டணமாக ஏறிவிடுகின்றன. ஒரு சேமிப்பு எத்தனை சதவீதம் தரும் என்ற கேள்வி இரண்டாவதுதான். எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தக் கட்டணத்துக்கு அது கையில் வரும் என்பது முதல் கேள்வி.

கல்லூரிச் செலவில் எது பெரிது

பொறியியல் படிப்பை எடுத்துக்கொள்வோம். சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பிரிவென்றால் 55,000 என்று கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வகுத்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. காகிதத்தில் உள்ள இந்த எண் பல ஆண்டுகள் அசையவில்லை. ஏறிக்கொண்டே போனது விடுதி, மெஸ், பேருந்து, பயிற்சிக் கட்டணம் என்று வேறு ரசீதுகளில் வருபவை.

நான்கு ஆண்டுக்கு 55,000 என்றால் கல்விக் கட்டணம் 2.2 லட்சம். விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 90,000 என்று வைத்தால் 3.6 லட்சம். படிப்பைவிடப் படுக்கையும் சோறும் அதிகம். கோவை, பெருந்துறை, சத்தியமங்கலம், திருச்செங்கோடு, கரூர் என்று நாற்பது கிலோமீட்டருக்குள் ஒரு நல்ல கல்லூரி கிடைக்கும் ஊர்களில் இருந்துகொண்டு, கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது தூரத்தை ஒரு கணக்காக எடுக்காமல் விடுவது விலை உயர்ந்த மறதி. வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்குப் பேருந்துக் கட்டணம் ஆண்டுக்கு 30,000 ஆனாலும், நான்கு ஆண்டில் 2.4 லட்சம் மிச்சம். எந்த வைப்புநிதியும் இதை இவ்வளவு சுலபமாகத் தராது.

இன்னொன்று, ஒரே வாசலுக்குள் இரண்டு கட்டணம் இருக்கும். கோவையின் பழைய அரசு உதவிபெறும் பொறியியல் கல்லூரிகளில் சில பிரிவுகள் உதவிபெறுபவை, சில சுயநிதி. கலந்தாய்வுப் பட்டியலில் பிரிவின் பெயருக்குப் பின்னால் ‘எஸ்.எஸ்.’ என்று இருந்தால் அது சுயநிதி. கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து வரிசை போட்டவர்கள் சேர்க்கை நாளன்றுதான் வித்தியாசத்தைத் தெரிந்துகொள்கிறார்கள்.

எதிர்காலத்துக்குத் தொகை போடும்போது, இன்று மொத்தம் 6 லட்சம் ஆகும் படிப்பு ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் பதினைந்தாம் ஆண்டில் 19 லட்சம். 6 சதவீதம் ஏறினால் 14.4 லட்சம். 72-ஐ ஏற்ற விகிதத்தால் வகுத்தால் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்பது தெரியும்: 8 சதவீதத்துக்கு 9 ஆண்டு. மனக்கணக்குக்கு இது போதும்.

பத்தாவது முடிந்ததும் எடுக்கும் முடிவு

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021-லும் வந்தது. இதில் இடம் பெற்றவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. அதாவது மேலே போட்ட 5.8 லட்சத்தில் ஏறத்தாழ முழுவதும். இதோடு அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் கோவையில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. நான்காண்டுப் படிப்புக்கு அது 48,000.

இந்த உரிமை தொடர்ச்சியைப் பொறுத்தது. பத்தாவதில் 450-க்கு மேல் வாங்கிய பிள்ளையை, ‘இனி அங்க வெச்சா வீணாப் போயிரும்’ என்று ராசிபுரம், நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்ப்பது நம் பகுதியில் வழக்கம். சேர்த்த அன்றே 7.5 சதவீதம் போய்விடுகிறது. இரண்டு வருட விடுதிப் பள்ளிக் கட்டணம், நீட் பயிற்சி, அதன்பின் கல்லூரிக் கட்டணம் மூன்றும் குடும்பத்தின் தலையில். அந்தப் பள்ளியில் மார்க் ஏறலாம், ஏறாமலும் போகலாம். உள் ஒதுக்கீட்டில் போட்டியிடுபவர்கள் வேறு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமே என்பதால், அங்கே சற்றுக் குறைந்த மார்க்கே நல்ல இடத்துக்குப் போதும். சேர்க்கை ரசீது போடுவதற்கு முன், முந்தைய ஆண்டு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எந்தக் கட்-ஆஃபுக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

முதல் பட்டதாரிச் சலுகையும் இதுபோலத்தான். பெற்றோர், உடன்பிறந்தோர் எவரும் பட்டதாரி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டும் கட்டணத்தில் ஒரு பகுதி குறையும். கலந்தாய்வில் கலந்துகொள்ளாமல் மே மாதமே நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டி ‘சீட்டைப் பிடித்து’விட்டால், அந்தச் சலுகையும் இல்லை, 55,000 என்ற கட்டணமும் இல்லை.

பத்து, பதினைந்து ஆண்டுப் பணம்

பெண் பிள்ளைக்கு செல்வமகள் கணக்கு. எல்லோரும் கேள்விப்பட்டதுதான், ஆனால் எந்த வயதில் தொடங்கினால் எவ்வளவு கையில் வரும் என்பதைப் பெரும்பாலோர் கணக்குப் பார்ப்பதில்லை. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 250, அதிகம் 1.5 லட்சம், கணக்குத் தொடங்கியதிலிருந்து 15 ஆண்டு கட்ட வேண்டும், 21 ஆண்டில் முதிர்வு. வட்டி 2024 ஜனவரியில் 8.2 சதவீதமாக உயர்ந்தது. அரசு காலாண்டுக்கு ஒருமுறை மாற்றக்கூடியது என்றாலும், கணக்குக்கு அதையே வைத்துக்கொள்வோம்.

பிறந்த ஆண்டே தொடங்கி வருடத் தொடக்கத்தில் 60,000 கட்டிவந்தால் 15-ஆம் ஆண்டு முடிவில் 17.9 லட்சம், பெண்ணுக்கு 18 ஆகும்போது 22.7 லட்சம், 21-ல் 28.7 லட்சம். இங்கேதான் வயது குறுக்கே வருகிறது. முதிர்வு பெண்ணின் 21-ஆம் வயதில் அல்ல, கணக்கின் 21-ஆம் ஆண்டில். ஒன்பது வயதில் தொடங்கினால் முதிர்வு அவளுக்கு முப்பது வயதாகும்போது. பதினெட்டில் கணக்கில் இருப்பது சுமார் 8.2 லட்சம்; மேற்படிப்புக்கு எடுக்கக் கூடியது அதில் பாதி. பாதி என்பதும் அந்த நாளின் இருப்பில் அல்ல, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் 50 சதவீதம். அதிலும் கல்லூரி கேட்கும் கட்டணத்துக்கு மேல் கிடையாது. பதினெட்டு வயது நிறைந்த பிறகோ பத்தாவது முடித்த பிறகோ, ஒரே தடவையாகவோ ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து ஆண்டு வரையோ எடுக்கலாம். மூன்று, நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்குச் செல்வமகள் கணக்கு கல்லூரிக் கட்டணத்தின் ஒரு பங்குக்குத்தான். முழுத் தொகைக்கு அதை நம்பக் கூடாது.

பையனுக்கு இப்படித் தனிக் கணக்கு இல்லை, பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) உண்டு. ஆண்டுக்கு 500 முதல் 1.5 லட்சம் வரை, 15 ஆண்டு, 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1. அப்பா தன் பெயரில் ஒன்று, பையன் பெயரில் ஒன்று வைத்திருந்தால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் 1.5 லட்சம் உச்சம். தெரியாமல் கூடுதலாகக் கட்டினால் அதற்கு வட்டி வராது. ஏழாவது நிதியாண்டிலிருந்து ஒரு பகுதி எடுக்கலாம். தறியோ கம்பெனியோ நடத்தும் வீட்டுக்கு இதில் இன்னொரு பயன்: பிபிஎஃப் கணக்கில் உள்ள பணத்தைக் கடன்காரர் நீதிமன்ற ஆணை வாங்கி ஜப்தி செய்ய முடியாது. வருமான வரித்துறைக்கு மட்டும் இந்தத் தடை பொருந்தாது.

இரண்டு கணக்கிலும் வட்டி, மாதத்தின் 5-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் இருந்த குறைந்த இருப்புக்குத்தான். ஆறாம் தேதி கட்டினால் அந்த மாத வட்டி இல்லை. மஞ்சள் விற்ற காசை ஏப்ரல் 5-க்குள் ஒரே தொகையாகக் கட்டிவிடும் விவசாயி, அதே காசை மாதாமாதம் பிரித்துக் கட்டும் சம்பளக்காரரைவிட வட்டி அதிகம் பெறுவார். பங்குனியில் காசு வருவது இங்கே ஒருவகையில் வசதிதான்.

பிள்ளைகள் பெயரில் போடும் எண்டோமென்ட் பாலிசிகள் (காப்பீடும் சேமிப்பும் கலந்தவை) வேறு ரகம். ஆண்டுக்கு 50,000 வீதம் 20 வருடம் கட்டி, முடிவில் 18.4 லட்சம் வருகிறது என்றால் பத்து லட்சம் கட்டியதற்கு எட்டு லட்சத்துக்கு மேல் லாபம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் அது ஆண்டுக்கு 5.5 சதவீதம்தான். அதே பணம் 7.1 சதவீதத்தில் 22.2 லட்சம் ஆகியிருக்கும். பாலிசி விற்க வருபவர் காட்டும் தாளில் ‘முதிர்வுத் தொகை’ மட்டும் இருக்கும். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மூன்றாம் வருடம் பிரீமியம் கட்ட முடியாமல் போனால் கையில் எவ்வளவு வரும் என்பதையும் கூடவே. வருமானம் ஏறி இறங்கும் வீடுகளில் இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

குடும்பத்தைக் காக்க வேண்டிய காப்பீடு சம்பாதிப்பவர் உயிர்மேல் இருக்க வேண்டும், குழந்தைமேல் அல்ல. அதற்கு, இறந்தால் மட்டும் தொகை தரும் டேர்ம் பாலிசி போதும். தொழிலுக்கு வங்கிக் கடன் வைத்திருப்பவர், அந்த டேர்ம் பாலிசியை 1874-ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்க வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிடலாம். பிறகு அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான், நூல் கடைக்காரரோ வங்கியோ அதில் கைவைக்க முடியாது. பாலிசி எடுத்தபின் இதைச் சேர்க்க இயலாது.

மியூச்சுவல் ஃபண்ட்: எப்போது எடுப்பது

பத்து வருடத்துக்கு மேல் காலம் இருந்தால் ஒரு பகுதியை இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்டில்) போடுவதில் தவறில்லை. நம்மவர்கள் தவறுவது போடுவதில் அல்ல, எடுப்பதில். 2008 ஜனவரியில் 6,000-க்கு மேல் இருந்த நிஃப்டி பங்குச் சந்தைக் குறியீடு அதே ஆண்டு அக்டோபரில் 3,000-க்குக் கீழே போனது. 2020 ஜனவரியில் 12,000-ஐத் தாண்டியிருந்தது, மார்ச் 23 அன்று 7,610. அந்த ஆண்டு பையனைக் கல்லூரியில் சேர்த்தவர் காத்திருக்க முடிந்திருக்காது. அதனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆண்டுக்குக் கால்பங்கு வீதம் வைப்புநிதிக்கு மாற்றிவிட்டால், பன்னிரண்டாவது முடியும்போது முழுத் தொகையும் வங்கியில் இருக்கும். இதில் வரியும் குறையும்: 2024 ஜூலைக்குப் பிறகு பங்கு ஃபண்டின் நீண்டகால லாபத்துக்கு வரி 12.5 சதவீதம், ஆனால் ஆண்டுக்கு முதல் 1.25 லட்சம் லாபத்துக்கு வரி இல்லை. நான்கு வருடமாகப் பிரித்து எடுத்தால் அந்த விலக்கு நான்கு முறை கிடைக்கும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் முதலீடு இருந்தால் எட்டு முறை.

ஃபண்டைப் பிள்ளையின் பெயரில் போடுவது ஆசைக்கு நன்றாக இருக்கும், கட்டண நாளில் கழுத்தைப் பிடிக்கும். பதினெட்டு நிறைந்ததும் அந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்படும். பான் அட்டை, கேஒய்சி, பிள்ளை பெயரில் மேஜர் வங்கிக் கணக்கு, கையொப்பச் சான்று எல்லாம் கொடுத்து மாற்றிய பிறகுதான் பணம் எடுக்கலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது நேர்வது பன்னிரண்டாவது முடியும் சமயத்தில், அதாவது கலந்தாய்வு நடக்கும் ஜூலை, ஆகஸ்ட்டை ஒட்டி. பெற்றோர் பெயரிலேயே போட்டுப் பிள்ளையை நாமினியாக வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

சீட்டு: எடுப்பவருக்கும் இருப்பவருக்கும் இரண்டு வேறு பொருள்

கொங்கு நாட்டில் சீட்டு இல்லாத வீதி இல்லை. கூலி வேலைக்குப் போகும் பெண்களும் மில் முதலாளிகளும் ஒரே முறையில் சேமிக்கும் ஏற்பாடு அது ஒன்றுதான். ஆகவே சீட்டு நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசிப் பயனில்லை. எத்தனையாவது மாதம் எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஐந்து லட்சம் ஏலச்சீட்டு, இருபது பேர், இருபது மாதம், மாதம் 25,000. முதல் மாதம் நடத்துபவருக்கு. அவருடைய கமிஷன் 5 சதவீதம், மாதம் 25,000. (சட்டம் முன்பு 5 சதவீதம்தான் அனுமதித்தது, 2019 திருத்தத்தில் 7 ஆனது.) இரண்டாம் மாதம் பையனுக்குக் கட்டணம் கட்ட வேண்டிய ஒருவர் 1.5 லட்சம் தள்ளி எடுக்கிறார். கைக்கு 3.5 லட்சம். தள்ளிய 1.5 லட்சத்தில் கமிஷன் போக 1.25 லட்சத்தை இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 6,250 கழிவு. அந்த மாதம் எல்லோரும் கட்டுவது 18,750. மாதம் போகப்போகத் தள்ளு குறைந்து, கடைசி மாதம் கழிவு ஒன்றுமில்லை என்று வைப்போம்.

எடுத்தவர் மீதிப் பதினெட்டு மாதத்தில் கட்டுவது 3.97 லட்சம். எடுப்பதற்குள் கட்டியதையும் சேர்த்தால் மொத்தம் 4.4 லட்சம். வாங்கியது 3.5, கட்டியது 4.4, ‘தொண்ணூறாயிரம்தானே’ என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது என்பதைக் கணக்கில் எடுத்தால் இது மாதம் ஏறத்தாழ ரெண்டே முக்கால் வட்டி. ஆண்டுக்கு 33 சதவீதம். வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்குவதைவிடவும் அதிகம்.

அதே சீட்டில் கடைசி வரை இருந்தவர் கட்டியதும் 4.4 லட்சம்தான். கமிஷன் போக அவர் வாங்குவது 4.75 லட்சம். போட்ட பணத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம். வைப்புநிதியைவிட நன்று. எல்லோரும் ஒழுங்காகக் கட்டியிருந்தால்.

ஆகவே படிப்புக்காகச் சீட்டு போடுபவர், கட்டணம் வரும் மாதத்தில் சீட்டைத் தொடங்கக் கூடாது. கட்டணம் வரும் மாதத்தில் சீட்டு முடிய வேண்டும். 2028 ஜூனில் கல்லூரி என்றால், இருபது மாதச் சீட்டு 2026 அக்டோபரில் தொடங்கி 2028 மேயில் முடியும். பிறகு ‘கடைசிச் சீட்டு எனக்கு’ என்று இருந்துவிட வேண்டியது. பதிவு பெற்ற நிறுவனம் ஒவ்வொரு சீட்டுக் குழுவுக்கும் தனியாகப் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்கியிருக்கும். அந்த அனுமதி எண் சீட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் பதிவானது என்பதற்காகக் குழுவும் பதிவானது என்று ஆகாது. கடைசியில் எடுப்பவர்தான் ஓட்டம் பிடிக்கும் சீட்டுக்காரரிடம் முழுத் தொகையும் மாட்டிக்கொள்பவர் என்பதால், இந்தச் சரிபார்ப்பு அவருக்குத்தான் அதிகம் தேவை.

மாதாமாதம் நிச்சய வருமானம், முதலும் பத்திரம் என்று பேசுபவர்களைப் பற்றி இந்த மண்ணுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2012-ல் பெருந்துறையைச் சுற்றி ஈமு கோழிக் கொட்டகைகள் காலியானபோது போனதில் எத்தனையோ பிள்ளைகளின் கல்லூரிப் பணமும் சேர்த்தி. கோழி வாங்க ஆள் இல்லாமல் வளர்ப்புக்கூலி எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தால் போதும்.

காடும் பவுனும்

இடம் வாங்கிப் போட்டால் ஏறும் என்பது பொய்யில்லை. ஆனால் ஒரு செமஸ்டர் கட்டணத்துக்கு அரை சென்ட் விற்க முடியாது. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து வழிகாட்டி மதிப்பில் 9 சதவீதம் வாங்குபவர் தலையில் விழும். அவர் அதை விலையில் கழித்துத்தான் பேசுவார். ஜூலை மாதம் அவசரமாக விற்க வருபவர் எதற்காக விற்கிறார் என்று புரோக்கருக்குத் தெரியும். இடத்தை விற்றுத்தான் படிக்கவைக்க வேண்டும் என்றால், பிள்ளை பத்தாவதில் இருக்கும்போதே விலை பேசத் தொடங்கி, வந்த பணத்தை ஒவ்வோர் ஆண்டு ஜூனுக்கும் ஒன்றாக முதிரும் நான்கு வைப்புநிதிகளாகப் போடுவது வழி. ஒரே வங்கியில் 5 லட்சத்துக்கு மேல் வைத்தால் காப்பீடு அந்த 5 லட்சம் வரைதான் என்பதால், இரண்டு வங்கிகளில் பிரிப்பது நல்லது.

நகையை விற்பதைவிட அடகு வைப்பது பல நேரம் மலிவு, குறுகிய காலத்துக்கு. ஒரு லட்சத்தை ஆறு மாதத்துக்கு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ 10 சதவீதத்தில் வாங்கினால் வட்டி 5,000. ரெண்டு வட்டிக்கு வெளியில் வாங்கினால் 12,000. இதில் சரிவது ஆறு மாதம் என்பது ஆறு வருடமாகும்போது. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போனால், பையன் பட்டம் வாங்கும்போது நகை ஏலத்துக்குப் போகும். எந்த வரவைக் கொண்டு மீட்பது என்று, மஞ்சளா, போனஸா, சீட்டா என்று, வைக்கும் அன்றே தீர்மானித்திருக்க வேண்டும்.

கல்விக்கடன்: வெட்கப்பட ஒன்றுமில்லை, கணக்குப் பார்க்க நிறைய

‘பையன் தலையில கடன் ஏத்தறதா’ என்று தயங்கி, தறி மேல் கடன் வாங்குபவர்கள் உண்டு. தறிக்கடனில் இல்லாத மூன்று வசதிகள் கல்விக்கடனில் இருக்கின்றன. படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. அந்தக் காலத்தில் தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. திருப்பிக் கட்ட 15 ஆண்டு வரை அவகாசம். 4 லட்சம் வரை குடும்பம் கைக்காசு போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை அடமானம் தேவையில்லை. அதற்கு மேல் போனால்தான் சொத்துப் பத்திரம்.

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். ஐந்தாம் ஆண்டு முடிவில் தனிவட்டி 1.4 லட்சம் சேர்ந்து, திருப்பத் தொடங்கும்போது கடன் 5.4 லட்சம். பத்து ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 7,140. பதினைந்து ஆண்டென்றால் 5,800. ஆனால் மொத்தம் கட்டுவது 8.6 லட்சத்துக்குப் பதில் 10.4 லட்சம். படிக்கும்போதே அப்பா வட்டியை மட்டும் கட்டிவந்தால், முதல் ஆண்டு மாதம் 833, இரண்டாம் ஆண்டு 1,667, மூன்றில் 2,500, பிறகு 3,333. பையனின் தவணை 5,290 ஆகக் குறையும். இப்படிக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் வரை குறைக்கின்றன. வாங்கும்போதே கேட்டு வையுங்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பில் சேர்ந்தால், படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்குமான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலக்ஷ்மி திட்டத்தில், தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்பவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாத கடன் உண்டு. வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டித் தள்ளுபடியும் சேரும். கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை விருப்பப் பட்டியல் போடும்போதே பார்க்கலாம்.

கடன் நின்றுபோவது பெரும்பாலும் நான்கு இடங்களில். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் வங்கி தயங்கும். மெரிட் இடம்தான் திட்டத்தின் அடிப்படை. டிராக்டர் தவணையோ நகைக்கடனோ தவறி அப்பாவின் சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண்) இறங்கியிருந்தால் சிக்கல், ஏனென்றால் அவர் கூட்டுக் கடனாளி. முதலாண்டுக் கட்டணத்தைக் கைமாத்து வாங்கிக் கட்டிவிட்டு ஆகஸ்டில் வங்கிக்குப் போனால், கட்டிய பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லக்கூடும். கடன் தொகை நேராகக் கல்லூரிக்குத்தான் போகும். நான்காவது, அரியர் விழுந்தால் அடுத்த ஆண்டுத் தவணை தாமதமாகும், ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண் பட்டியல் கேட்பதால்.

வட்டிச் சலுகைக்குத் தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழ் வேண்டும். முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் ஜூன், ஜூலையில் கூட்டம் அலைமோதும். பன்னிரண்டாவது தேர்வு முடிந்த வாரத்திலேயே, ஏப்ரலில், இவற்றுக்கு விண்ணப்பித்துவிட்டு, பிள்ளைக்குப் பான் அட்டையும் வங்கிக் கணக்கும் எடுத்து, கடன் எந்தக் கிளையில் கேட்பது என்று முடிவு செய்துவிடலாம். ஒதுக்கீட்டு ஆணை வந்த பிறகு கல்லூரியிடம் கேட்க வேண்டியது இரண்டே தாள்: படிக்கிறார் என்ற சான்றும், நான்கு ஆண்டுக்கான கட்டண விவரமும். அந்த விவரத்தில் விடுதி, மெஸ், புத்தகம், மடிக்கணினி ஆகியவையும் தனித்தனி வரியாக இருக்கட்டும். தாளில் இல்லாத செலவுக்கு வங்கி கடன் தராது.